சேற்றில் கிடக்கும் மீனும் கடலுக்குப் போகும் நீரும்

மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரிநீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில், தஞ்சைப் பகுதியில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது. கடைமடையில் நாற்று கருகுவதைக் கண்ட விவசாயிக்கு அந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் கடலுக்குள் போன பிறகு என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கோடியக்கரை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று நீளும் டெல்டாவின் கடலோரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மீன் ஒன்று உண்டு. ஆற்றுச் சேறு படிந்த கடலடியில் ஒருக்களித்துக் கிடந்தே வாழ்நாளைக் கழிக்கும் நாக்கு மீன் அது. அதன் உடலமைப்பையும் இருப்பிடத்தையும் பற்றி இதுவரை தெரிந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், காவிரியைப் பற்றி நாம் பேசும் விதமே கொஞ்சம் மாற வேண்டியிருக்கும் என்பது என் துணிபு.

முதலில் மீனைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு பக்கம் சேற்றின் பழுப்பு. மறுபக்கம் வெளிறிய வெள்ளை. இரண்டு கண்களும் பழுப்புப் பக்கத்திலேயே நெருங்கி இருக்கும். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சில இனங்களில் கொக்கிபோல் கீழே வளைந்திருக்கும். முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு மூன்றும் ஒன்றாக இணைந்து உடலைச் சுற்றி ஒரே விளிம்பாக ஓடும். மார்புத் துடுப்பே இல்லை. வாலிலிருந்து தலைநோக்கிக் கட்டைவிரலால் தடவினால் செதிள்கள் அரம்போல் சொரசொரக்கும். குடலும் கல்லீரலும் தலைக்குப் பின்னே ஒரு சிறு இடத்தில் அடங்கிவிடுவதால், மீதி உடல் முழுவதும் சதைதான். ஆயும்போது மூக்குப் பக்கம் தோலைச் சற்றே கீறி, கை வழுக்காமல் இருக்க உப்பைத் தொட்டுக்கொண்டு ஒரே இழுப்பில் உரித்துவிடலாம். நடுமுள் ஒன்றுதான், குழந்தைகளுக்குக் கொடுக்க ஏற்ற மீன். குழம்புக்கும் வறுவலுக்கும் போக மீதி கருவாடாகிறது.

தட்டையாக இருப்பதால் இதைத் திருக்கையோடு சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவே இல்லை. திருக்கை சுறாவின் சொந்தம். எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது மேலிருந்து கீழாகத் தட்டையானது. வயிறு தரையில், முதுகு மேலே. நாக்கு மீனோ, நிமிர்ந்து நிற்கும் புத்தகத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததுபோல ஒருக்களித்துப் படுத்த எலும்பு மீன். நாம் மேலே பார்க்கும் பழுப்புப் பக்கம் அதன் முதுகு அல்ல. இடது விலாவோ வலது விலாவோதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

நாக்கு மீன் அடங்கும் தட்டை மீன் வரிசையில் உலகில் எண்ணூறு இனங்கள் அளவில் உண்டு. ஐரோப்பியர் சோல், பிளவுண்டர், டர்பட், ஹாலிபட் என்று பிரித்து அழைப்பவை எல்லாம் இதில் அடங்கும். அட்லாண்டிக் ஹாலிபட் இரண்டரை மீட்டருக்கு மேலும் வளரும். நம் கரையின் சிறு நாக்கு மீன்கள் ஒரு சாணைத் தாண்டினாலே பெரிது. பொதுவான அடையாளம், வளர்ந்த மீனில் இரு கண்ணும் ஒரே பக்கத்தில் இருப்பது. எந்தப் பக்கம் என்பது குடும்பத்தைச் சொல்லும். கண்பக்கம் மேலாகவும் வயிறு நம்மை நோக்கியும் இருக்க மீனைப் பலகையில் வைத்தால், தலை இடப்புறம் வருவது இடக்கண் மீன், வலப்புறம் வருவது வலக்கண் மீன். வால் கூம்பி நாக்குப் போலவே நீண்டிருக்கும் சைனோகிளாசஸ் இனங்கள் எல்லாம் இடக்கண். உருண்டு திரண்ட சோல் குடும்பத்தவை, உடலில் குறுக்குப் பட்டைகள் ஓடும் வரிச் சோல் உட்பட, வலக்கண். பெரிய பற்களும் அகன்ற உடலும் கொண்ட சூடோராம்பஸ் இடக்கண். மீன் விற்கும் அம்மாவின் கூடையிலேயே இந்தப் பாடத்தைப் படித்துவிடலாம்.

இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாத மீன் ஒன்று நம் கரையில் இருக்கிறது. எருமை நாக்கு. இதில் பாதி அளவு மீன்களுக்குக் கண் இடப்பக்கம், மீதிக்கு வலப்பக்கம். இடம்மாறிய கண்ணும் முழுதாக இந்தப் பக்கம் வந்து சேர்வதில்லை. தலையின் உச்சி விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. மற்ற தட்டை மீன்களில் முதுகுத் துடுப்பு தலைமீது ஏறி, கண்ணையும் கடந்து மூக்குவரை வரும். எருமை நாக்கிலோ அது கண்ணுக்குப் பின்னாலேயே தொடங்குகிறது. முன்பகுதியில் முள்ளும் உண்டு. வாய் பெரியது, பல் கூர்மையானது, இரை பெரும்பாலும் மீன். படுத்துக் கிடப்பதோடு, சாதாரண மீன்போல நிமிர்ந்து நீந்தவும் செய்யும். அறுபது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. ஏற்றுமதிக்காரர்கள் இந்தியன் ஹாலிபட் என்று சொல்வது இதைத்தான்.

இந்த மீன் அறிவியலுக்கு அறிமுகமானது டெல்டாவிலிருந்துதான். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. அங்கே 1771இல் வந்து சேர்ந்து, 1813இல் இறக்கும்வரை பணியாற்றிய மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், கரையில் கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளோக்குக்கு அனுப்பிவந்தார். நம் பன்னா மீன்களின் ஓர் இனக்குழுவுக்கு ஜானியஸ் என்று பெயர் வைத்து ப்ளோக் அவருக்கு மரியாதை செய்தார். 1799இல் ப்ளோக் மறைந்தார். அவருடைய மீன் நூலை யோஹான் காட்லோப் ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்டார். தரங்கம்பாடி மீன்கள் என்று அதில் விவரிக்கப்பட்டவற்றுள் எருமை நாக்கும் உண்டு. மீனவர் சொன்ன பெயரே லத்தீன் பெயருக்குள்ளும் ஏறி, இன்றுவரை அது ‘செட்டோடஸ் எருமெய்’ என்றே வழங்குகிறது. நீண்ட நாக்கு மீன்களில் ஒன்றான ‘சைனோகிளாசஸ் ஆரெல்’ என்பதும் அதே நூலில், அதே கரையிலிருந்து போனதுதான். பிறகு பிரான்சிஸ் டே 1875 முதல் வெளியிட்ட ‘இந்திய மீன்கள்’ நூலிலும், பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜே. ஆர். நார்மன் 1920களில் இந்தியத் தட்டை மீன்களைப் பற்றியும் 1934இல் உலகத் தட்டை மீன்களைப் பற்றியும் எழுதியவற்றிலும் இவை ஒழுங்குபடுத்தப்பட்டன. கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையத்தவர் 1970களில் எருமை நாக்கு, சூடோராம்பஸ் ஆகியவற்றின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து இனப்பட்டியல்களையும் பிடிப்புக் கணக்குகளையும் சேர்த்துவருகிறது.

இனிக் கண்ணின் கதை. தட்டை மீன் பிறக்கும்போது தட்டை மீனாகப் பிறப்பதில்லை. முட்டைகள் தண்ணீரில் மிதக்கும். பொரிந்து வரும் குஞ்சு, எந்த மீன் குஞ்சையும்போல வலமும் இடமும் ஒத்தது, பக்கத்துக்கு ஒரு கண், நிமிர்ந்தே நீந்தும், மிதவை உயிர்களைத் தின்னும். சில வாரங்களில், பெரும்பாலான இனங்களில் உடல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தை எட்டும் முன்பே, தைராய்டு சுரப்பு பெருகி உருமாற்றம் தொடங்குகிறது. தவளைக் குஞ்சு தவளையாவதற்குக் காரணமான அதே சுரப்புதான். ஒரு கண் மெல்ல மேலேறி, தலையின் உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்குகிறது. மண்டை எலும்பு அதற்கு இடங்கொடுத்து முறுக்கிக்கொள்கிறது. மேற்பக்கம் நிறமேறுகிறது, கீழ்ப்பக்கம் வெளிறிப்போகிறது. மிதப்பதற்கான காற்றுப்பை வளர்ந்த மீனில் இருப்பதில்லை. அடியில் கிடப்பதற்கு அது தடை. உட்காதின் சமநிலை உறுப்பு மட்டும் பழைய இடத்திலேயே, இப்போது ஒருக்களித்துக் கிடக்கிறது. ஆகவே அந்த உறுப்பிலிருந்து கண் தசைகளுக்குப் போகும் நரம்புத் தொடர்பையே மூளை மாற்றி அமைத்துக்கொள்கிறது. இவ்வளவும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள். முடிந்ததும் மீன் அடியில் இறங்கிப் படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதன் உலகம் சேறு.

இந்தக் கண் பரிணாமக் கொள்கையையே ஒருமுறை சோதனைக்கு உட்படுத்தியது. 1871இல் செயின்ட் ஜார்ஜ் மைவர்ட் டார்வினை மறுத்து எழுதியபோது தட்டை மீனைச் சான்றாக வைத்தார். கண் முழுதாக மறுபக்கம் வந்தால் பயன். பாதிவழியில் நின்றால் என்ன பயன்? பயனில்லாத ஒன்றை இயற்கைத் தேர்வு எப்படி வளர்த்தெடுக்கும்? கேள்வி வலுவானது. அடுத்த ஆண்டு வெளிவந்த தமது நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் எழுதினார். குஞ்சு மீன்கள் படுத்த நிலையில் கீழ்க்கண்ணை மேலே திருப்ப முயல்வதாக வந்த அவதானிப்பை எடுத்துக்காட்டி, அந்தப் பழக்கத்தின் விளைவு தலைமுறைகளுக்குத் தொடர்ந்திருக்கலாம் என்றார். என் பார்வையில் அது அவருடைய பலவீனமான பதில்களில் ஒன்று. பழக்கம் அப்படிப் பரம்பரையாகத் தொடர்வதில்லை என்று பின்னர் தெளிவாயிற்று.

சரியான பதில் 137 ஆண்டுகள் கழித்து வந்தது. 2008இல் மாட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாக இருந்த மீன் புதைபடிவங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். வட இத்தாலியின் மோன்டே போல்கா பாறைகளில் கிடைத்த, ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டு பழமையான ஆம்ஃபிஸ்டியம், ஹெட்டரோனெக்டஸ் என்ற இரண்டிலும் மண்டை ஓடு கோணியிருந்தது. ஒரு கண்குழி மேலேறியிருந்தது; ஆனால் உச்சியைக் கடக்கவில்லை. அவை வளர்ந்த மீன்கள். உருமாற்றத்தின் நடுவில் இறந்த குஞ்சுகள் அல்ல. பாதிவழிக் கண்ணோடு மீன்கள் வாழ்ந்து இனம் பெருக்கியிருக்கின்றன. உடலைச் சற்றே தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டால் அந்த அரைக்கண்ணும் பயன்படும் என்பதற்கு இன்று உயிரோடு இருக்கும் மீன்களில் ஆகச் சிறந்த உதாரணம் எருமை நாக்கு. மைவர்ட் கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி நாகப்பட்டினம் மீன் ஏலத்தில் பனிக்கட்டி மீது கிடந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வாதம் இன்னும் ஓயவில்லை. 2021இல் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, எருமை நாக்கு ஒரு தனி வழியில் தட்டையானது, மற்றத் தட்டை மீன்கள் வேறு வழியில் தட்டையானவை என்றது. அதே தரவுகளை வேறு முறையில் அலசியவர்கள், இல்லை, எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவைதான் என்கிறார்கள். எலும்புச் சான்றுகள் இரண்டாவது கட்சிக்கே அதிகம் துணைபோகின்றன என்று நினைக்கிறேன். இத்தனை சிக்கலான முறுக்கல் இரண்டுமுறை நடந்திருக்க முடியாது என்பதல்ல. ஒருமுறை நடந்ததாகக் கொண்டாலே எல்லாம் விளங்குகிறது.

மறைந்துகொள்ளும் திறமையைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1996இல் சகாக்களோடு ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. வெப்பக்கடல் பிளவுண்டர்களைத் தொட்டியில் விட்டு, அடியில் சதுரங்கக் கட்டம், புள்ளிகள் என்று விதவிதமான தரைகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். இரண்டிலிருந்து எட்டு நொடிக்குள் மீனின் மேற்பக்கம் தரையின் சாயலை ஏற்றது. ஒவ்வொரு வடிவத்தையும் மீன் புதிதாக வரைவதில்லை; உடலில் இருக்கும் சில வகைப் புள்ளித் தொகுதிகளை வெவ்வேறு அளவில் அடர்த்தியாக்கியும் வெளிறவைத்தும் கலக்கிறது. கண் பார்த்துச் சொல்ல, தோல் மாறுகிறது. நம் சேற்றுக்கரை நாக்கு மீன்களுக்கு இவ்வளவு வித்தை தேவைப்படுவதில்லை. கலங்கிய நீரில் ஒரே பழுப்பு போதும். விளிம்புத் துடுப்புகளை அலைபோல ஆட்டி, சேற்றையும் மணலையும் கிளப்பித் தன்மேல் போர்த்திக்கொண்டு கண்களை மட்டும் வெளியே நீட்டிவைக்கும். வாய்வழி இழுத்த நீரை மேற்பக்கச் செவுள் வழியே வெளியே விட்டு மூச்சை ஓட்டும்.

இரையும் சேற்றில்தான். எருமை நாக்கும் சூடோராம்பஸும் கண்ணால் வேட்டையாடி மீனையும் இறாலையும் பிடிப்பவை. நீண்ட நாக்கு மீன்கள் வேறு வகை. அவற்றின் கண் சிறியது. அவை இருட்டிய பிறகு கிளம்பும். தலையின் குருட்டுப் பக்கத்தில் இருக்கும் நுண்ணிய உணர்முனைகளாலும் மோப்பத்தாலும் சேற்றைத் துழாவி, கடற்புழு, சிறு நண்டினம், மட்டிக் குஞ்சு ஆகியவற்றைக் கொத்தும். வாய் கீழ்நோக்கி வளைந்திருப்பது இதற்காகவே. ஆக, புழு நிறைந்த மெல்லிய சேறு இல்லாத இடத்தில் இந்த மீனுக்கு வேலை இல்லை. இதுதான் நம்மைக் காவிரிக்குக் கொண்டுவருகிறது.

டெல்டாவின் கடலோரம் இரண்டு முகம் கொண்டது. கொள்ளிடம் சேரும் பழையாறு முதல் கோடியக்கரை வரை வங்காள விரிகுடாவுக்கு நேர்முகம். திறந்த கடல், அலை மிகுதி. காவிரி பூம்புகாரிலும், அரசலாறு காரைக்காலிலும், வெட்டாறு நாகூர்ப் பக்கமும் இந்த முகத்தில் கலக்கின்றன. கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து பாக் நீரிணை. பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்கும் குறைவான ஆழம், அலை அடங்கிய கடல், சேறும் கடற்புல்லும். தஞ்சாவூர் மாவட்டத்தின் இன்றைய கடற்கரையான அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் இடையில் முத்துப்பேட்டை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காகோரையாறு என்று வயல்களைக் கடந்து வந்த வடிகால் ஆறுகள் அங்கே அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து ஒரு காயலில் முடிகின்றன. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் காயல் நன்னீருக்கு நெருங்கும். கோடையில் கடலைவிடவும் உப்பேறும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அந்தக் காட்டை முறித்துப்போட்டது.

தட்டை மீன்களின் வாழ்க்கைச் சுழற்சிக்கு இந்த அமைப்பு மிகவும் பொருந்துகிறது. வளர்ந்த மீன் சற்று ஆழத்தில் முட்டையிடும். குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து கரைப்பக்கம் வரும். உருமாறி இறங்கும்போது ஆழமற்ற, கலங்கிய, புழு செறிந்த இடம் கிடைத்தால் பிழைக்கும். கலங்கல் அதைப் பெரிய மீன்களின் கண்ணிலிருந்து காக்கிறது. சேறு சோறு போடுகிறது. உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சோல், நாக்கு மீன் இனங்கள் சில முகத்துவாரத்துக்குள்ளும் நுழையும். மேற்குக்கரையிலும் இதே பாடம்தான், அளவு மட்டும் பெரியது. இந்தியாவின் தட்டை மீன் பிடிப்பில் பெரும்பங்கு கேரள, கர்நாடகக் கரையின் மலபார் சோல். தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் சேற்றுக் கரைகளில் அது திரளும். கிழக்குக் கரையில் அப்படி ஒரே இனம் குவிவதில்லை. இனங்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற மீனோடு கலந்து வரும். அதனாலேயே கணக்கிலும் கவனத்திலும் இது பின்தங்கிவிடுகிறது.

ஆற்றுநீருக்கும் தட்டை மீனுக்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாகக் காட்டியது தென் பிரான்சின் ரோன் ஆறு. மத்தியதரைக் கடலில் அந்த ஆறு சேரும் இடத்தில் நடந்த ஆய்வுகள், 2002 வாக்கில் வெளிவந்தவை, ஒரு சங்கிலியையே கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்தன. ஆற்றில் வெள்ளம் வரும் ஆண்டில் இலைமக்கும் வண்டலும் கடலடியில் படிகின்றன. ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் அந்தச் சேற்றில் கடற்புழுக்கள் பெருகுகின்றன. இளம் சோல் மீன்கள் அந்தப் புழுக்களைத் தின்று வளர்கின்றன. வெள்ளம் வந்து ஐந்து ஆண்டு கழித்து மீனவர் வலையில் சோல் பிடிப்பு கூடுகிறது. மீனின் சதையில் உள்ள கார்பனைச் சோதித்தபோது, அதில் ஒரு பகுதி நிலத்துத் தாவரங்களிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. மலையில் உதிர்ந்த இலை கடல் மீனின் உடலாகியிருக்கிறது. இதன் மறுபக்கத்தை நைல் காட்டியது. 1964இல் அஸ்வான் உயர் அணை வெள்ளத்தைத் தடுத்ததும், டெல்டாவுக்கு வெளியே ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் டன் அளவில் கிடைத்துவந்த மத்தி, சில ஆண்டுகளில் ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. வெகுகாலம் கழித்துப் பிடிப்பு மீண்டபோது, அதற்கு உரமும் நகரக் கழிவுநீரும் கொண்டுவந்த ஊட்டமே காரணம் என்று கணித்தார்கள்.

காவிரிக்கு இதைப் பொருத்திப் பார்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். ரோன் குளிர்நாட்டு ஆறு. அங்குள்ள சோல் பல ஆண்டுகள் வாழும். நம் நாக்கு மீன்கள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முடிபவை. ஆகவே இங்கே வெள்ளத்தின் பலன் அவ்வளவு காலம் காத்திருக்காமல் வலையில் தெரிய வேண்டும். சங்கிலியின் கண்ணிகள் மட்டும் அவையேதான்: வண்டல், புழு, இளம் மீன், வலை. முதல் கண்ணியைத்தான் நாம் மெலியச் செய்துவிட்டோம். கண்ணம்பாடி அணை 1931இல், மேட்டூர் 1934இல். அவற்றுக்கு மேலும் கீழும் எத்தனையோ தடுப்பணைகள், கடைமடை நீரொழுங்கிகள். வண்டல் அணைகளின் அடியில் படிகிறது. கொள்ளிடத்து மணல் லாரிகளில் போகிறது. கடல்நீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்கும் நீரொழுங்கிகள் விவசாயத்துக்கு அவசியம். அவற்றையே குறைசொல்வது என் நோக்கமல்ல. ஆனால் முகத்துவாரங்கள் ஆண்டின் பெரும்பகுதி மணல்மேடிட்டு அடைபட்டுக் கிடப்பதை ஆற்றின் ஆரோக்கியம் என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் இதைக் கொஞ்சம் ஒப்புக்கொண்டிருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் மொத்த நீர் 740 டிஎம்சி என்று கணக்கிட்டது. மாநிலங்களுக்குப் பிரித்தது போக, சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சி என்று ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலப் பங்குகளை மாற்றியபோதும் இந்த இரண்டையும் அப்படியே விட்டது. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அந்த நான்கின் தலைப்பிலேயே நம் மனநிலை தெரிகிறது: கடலுக்குப் போவது ஒரு பயன் அல்ல, கசிவு. டெல்டாவில் பயிர்செய்வோரும் மீன்பிடிப்போரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள் என்ற கணக்கு அதில் இல்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

நீர் மட்டுமே பிரச்சினையும் அல்ல. வலையும் உண்டு. சேற்றோடு ஒட்டிக் கிடக்கும் மீனுக்கு ஆகப் பெரிய ஆபத்து, கடலடியை உரசிக்கொண்டு போகும் இழுவைமடி. இறாலுக்காக விசைப்படகுகள் பெருகிய 1960களுக்குப் பிறகு தட்டை மீன்கள் கூடவே அள்ளப்படுபவையாகிவிட்டன. பெரியவை பெட்டியில் ஏறும். விரல் நீளக் குஞ்சுகள் கழிவு மீன் குவியலில் சேர்ந்து, கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும். நீண்ட நாக்கு மீன்கள் இளமையிலேயே முட்டையிடத் தொடங்குபவை, ஓரளவு ஈடுகொடுக்கும். வளர்ந்து பெரிதான பிறகே முட்டையிடும் எருமை நாக்குபோன்ற வேட்டை மீன்தான் முதலில் அடிபடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது, நல்லதுதான். அதைவிட முக்கியம், 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரப் பகுதியை நாட்டுப்படகுகளுக்கென்று விட்டுவைத்திருப்பது. தட்டை மீன் குஞ்சுகள் இறங்கி வளரும் இடம் அதுதான். அந்த எல்லைக்குள் இழுவைமடி வருவது நாட்டுப்படகுக்காரரின் பிழைப்பில் மட்டும் கைவைப்பது அல்ல, நாளைய மீனிலும் கைவைப்பதுதான்.

வலைக்கண் பற்றிய விவாதத்தில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மடியின் பின்முனைப் பையில் சதுரக் கண் வைத்தால் சிறுமீன் தப்பும் என்று பரிந்துரைக்கிறார்கள். உருண்ட உடல் மீனுக்கு அது உண்மை. தட்டை மீனுக்கு அவ்வளவாக உதவாது. ஒடுங்கிய வைரக் கண்ணே அதன் உடல்வாகுக்கு ஏற்றது என்பதை ஐரோப்பிய வலை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே நாக்கு மீனைக் காக்க வலைக்கண்ணை விட, எங்கே இழுக்கக் கூடாது என்ற எல்லையே நம்பகமான வழி. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவுக்காகக் கடற்புல்லைக் காத்தால், அந்தப் புல்லடியில் குஞ்சு வளர்க்கும் எத்தனையோ மீன்களும் சேர்ந்து பிழைக்கும். தட்டை மீன்களும் அதில் உண்டு.

சேற்றில் கிடக்கும் மீன், சேற்றில் படிவதை எல்லாம் உடலில் ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் பியூஜெட் சவுண்டு வளைகுடாவில், ஆலைக் கழிவு படிந்த துறைமுகங்களில் பிடிபட்ட சோல் மீன்களின் கல்லீரலில் புற்றுக்கட்டிகள் இருப்பது 1980களில் தெரியவந்தது. ஈகிள் துறைமுகத்தில் மாசுபட்ட சேற்றின்மேல் தூய மணல் பரப்பி மூடியதும், பின்வந்த ஆண்டுகளில் அந்த நோய் குறைந்தது. நம் டெல்டாவில் வயலுக்குத் தெளிக்கும் மருந்தும் ஊர்க் கழிவும் வடிகால் வழியே சேரும் இடம் இதே முகத்துவாரங்கள்தான். பழையாறு, நாகூர், முத்துப்பேட்டை ஆகிய மூன்று இடங்களிலாவது ஆண்டுக்கு ஒருமுறை நாக்கு மீனைப் பிடித்துக் கல்லீரலைச் சோதித்து முடிவை ஊராருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. மீன் வளரும் சேற்றின் நிலையை அதைவிட நேர்மையாகச் சொல்லக்கூடிய கருவி வேறில்லை.

காவிரி நீரைப் பகிர்வது பற்றிய கூட்டங்களில் இதுவரை அதிகாரிகளும் பொறியாளர்களும் விவசாயச் சங்கத்தினரும் உட்காருகிறார்கள். பழையாறு, தரங்கம்பாடி, மல்லிப்பட்டினம் மீனவப் பஞ்சாயத்துகளையும் அங்கே அழைக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய 10 டிஎம்சி எந்த மாதத்தில், எந்த முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேர்ந்தது என்பதை நீர்வளத் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: விரல் நீள நாக்கு மீனை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.